வளைவில் நின்ற ஜீப்பும் நகராத ஃபைலும்

போன வருடம் மழைக்காலத்தில் நடந்தது. மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் எங்கள் வீடு. ஃபாக்டரி ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் எம்.ஏ. தமிழ் படித்தேன். மூணாறு கடைகளின் பெயர்ப் பலகைகளைப் பற்றி ஆய்வேடு. கரண்ட் போனாலும் எழுதியது அழியாது என்று நம்பி, கிளவுடிலேயே வைத்துத் தட்டச்சு செய்து வந்தேன். ரொம்பக் கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு!

கடைசி நாள். மாலை நாலு மணிக்குள் திருத்திய ஆய்வேடு பல்கலைக்கழகம் கொடுத்த ஃபோல்டருக்குள் இருக்க வேண்டும். தவறினால் ஒரு வருடம் போச்சு. மழையில் வீட்டு நெட் இணைப்பு செத்துவிட்டது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மூணாறு போகும் ஜீப்பில் ஏறினேன். வழியெல்லாம் சுற்றுலா வண்டிகள். நாலுக்குள் ஊர் போய்ச் சேர மாட்டோம் என்று தெரிந்துவிட்டது.

எங்கள் ரோட்டில் ஒரு வளைவில் மட்டும் போனுக்கு ரேஞ்ச் கிடைக்கும். எல்லா ஜீப்பும் அங்கே நிற்கும். ஏறியவர்கள் எல்லாரும் பேசி முடித்த பிறகுதான் கிளம்பும். அன்றும் நின்றது. என் போனிலிருந்து இணைப்புக் கொடுத்து ஃபைலைத் திறந்தேன். 'சேமிக்கிறது' என்று வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

எஸ்டேட்டில் ரேஞ்ச் குறைந்தால் நாங்கள் எல்லாரும் செய்வது ஒன்றுதான். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு எடுப்போம். நானும் போட்டேன், எடுத்தேன். மறுபடி போட்டேன். ஒவ்வொரு தடவையும் பாதி ஏறிய ஃபைல் அறுந்து, முதலிலிருந்து ஆரம்பித்தது. இது உறைக்க எனக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்!

பிறகுதான் புத்தி வேலை செய்தது. முதலில் லேப்டாப்பிலேயே ஒரு பிரதி சேமித்தேன். இனி எழுத்தாவது தப்பிக்கும். கடைப் பலகைப் படங்களைப் போனில் எடுத்தபடியே பெரிதாக ஒட்டியிருந்தேன், அவற்றை எல்லாம் சுருக்கினேன். ஃபைல் பாதிக்கும் கீழே இறங்கியது. ஃபோல்டரில் ஏற்றினேன். நகர்ந்தது! ஆனால் ஆமை வேகம். ஜீப்பில் ஆளாளுக்கு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார்கள். இருக்கிற கொஞ்சம் ரேஞ்சை இத்தனை பேர் பங்கு போட்டால் என் ஃபைல் எப்படி ஏறும்?

"என்னத்தா, அழுதுருவ போலருக்கு?" என்றார் முன்சீட்டில் இருந்த அக்கா. கொழுந்து எடுப்பவர், வாய் ரொம்ப நீளம். விஷயத்தைச் சொன்னேன். அவ்வளவுதான், திரும்பி ஒரே அதட்டல்.

"எல்லாரும் போனை அமத்துங்கடி! இந்தப் புள்ளைக்கு ஒரு வருசப் படிப்பு போவுது."

பேச்சு பாதியிலேயே நின்றது. டிரைவர் அண்ணன்கூடத் தன் போனை அணைத்தார். என் பக்கத்தில் புதிதாகக் கல்யாணமான ஒரு பெண். புருஷன் வளைகுடாவில். அவருடைய சாப்பாட்டு இடைவேளையில்தான் கூப்பிடுவார் என்று எல்லாருக்கும் தெரியும். போன் அடித்தது. அவர்தான். அவள் ஒரு நிமிடம் அதையே பார்த்தாள், பிறகு அணைத்துவிட்டாள்.

"பேசு, பரவாயில்ல" என்றேன் மனசே இல்லாமல்.

"அவுக நாளைக்கும் கூப்பிடுவாக. ஒங்களுக்கு நாளைக்கு இருக்கா?" என்றாள்.

அதற்குப் பிறகு நான் போனைத் தொடவே இல்லை. இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். எழுபது... எண்பது... எல்லார் தலையும் என் லேப்டாப்புக்கு மேல். தொண்ணூற்றொன்பதில் அது நின்றபோது என் மூச்சும் நின்றது. நாலடிக்கச் சில நிமிடம் இருக்கும்போது 'ஏற்றப்பட்டது' என்று வந்ததும் போட்டோம் ஒரு கத்தல்! எதிரே வந்த சுற்றுலாக்காரர்கள், நாங்கள் யானையைப் பார்த்துவிட்டோம் என்று நினைத்து வண்டியை நிறுத்திவிட்டார்கள். டிரைவர் அண்ணன் ஹாரனை அமுக்கிய கையை எடுக்கவே இல்லை.

சத்தம் அடங்கிய பிறகு அந்தப் பெண் போனை உயிர்ப்பித்துக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இடைவேளை முடிந்திருக்கும். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆய்வேட்டில் என் வழிகாட்டிக்கும் நூலகத்துக்கும் நன்றி சொல்லியிருக்கிறேன். அவள் பெயர் அதில் இல்லை. ஆனால் இன்று யாராவது என்னை எம்.ஏ. என்று சொல்லும்போதெல்லாம், ஒரு பெண் தன் புருஷனோடு பேசாமல் விட்ட அந்தச் சில நிமிடங்களைத்தான் என் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றுகிறது.