நிறுத்திய பிறகும் பேசிய டீசல் கார்கள்

ஓடும்போது சத்தம் போடும் காரைக் கொண்டுவருகிறவர் வாடிக்கையாளர். சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் சத்தம் போடும் காரைக் கொண்டுவருகிறவர் மெக்கானிக்குக்கு வந்த சோதனை. டீசல் கார் வைத்திருந்தவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டோரம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தேன். அப்போது வந்த சோதனைகளில் மூன்று இவை.

டக்... டக்...

ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர் ஒருவர். ஆசைப்பட்டு ஒரு பழைய டீசல் கார் வாங்கியிருந்தார். நிறுத்தியதும் வண்டிக்கு அடியில் யாரோ விரலால் தட்டுவதுபோலச் சத்தம் வருகிறது என்பார். எனக்குப் பக்கத்துக் கடை டிங்கர் பட்டறை. அந்தச் சம்மட்டி அடியில் எனக்கு எங்கே கேட்கும்? "ஒண்ணுமில்ல சார்" என்று இரண்டு தடவை அனுப்பிவிட்டேன்.

மூன்றாவது தடவை ஒரு தாளோடு வந்தார். "நிறுத்தியதும் வேகமாக. போகப்போக மெதுவாக. மதுரை போய் வந்தால் அதிகம், மார்க்கெட் போய் வந்தால் குறைவு. மழையில் நனைந்தால் சீக்கிரம் அடங்கும்." ஒரு மாதம் தினமும் காதுகொடுத்துக் கேட்டு எழுதியிருக்கிறார்! படித்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. சூட்டில் விரிந்த சைலன்சர் குழாய் ஆறிச் சுருங்கும் சத்தம், கோளாறே இல்லை. விவரம் சொன்னேன். தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"நல்லதாப் போச்சு தம்பி. வெளிய போய்ட்டு வந்தா செத்த நேரம் முணுமுணுக்குற சீக்கு எனக்கு மட்டுந்தான்னு வீட்டுல சொல்லிக்கிட்டு இருந்தாவ."

சாவி என் கையில், ஓட்டம் அதன் கையில்

இது என் தப்பு. முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். ஒரு மில் அண்ணாச்சியின் காருக்கு எஞ்சின் ஆயில் மாற்றினேன். ஏதோ ஞாபகத்தில் அளவுக்கு மேலே ஊற்றிவிட்டேன். அப்படியே அவரையும் ஏற்றிக்கொண்டு, ஓட்டிப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். புரட்டாசி சனிக்கிழமை. ஊருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பேருள்ள குன்றில் இருக்கும் பெருமாளைப் பார்க்க வந்த கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போகிறது. ஒரு பால்கோவா கடை வாசலில் நிறுத்தி, சாவியை எடுத்து, டீசலை நிறுத்தும் ஒயரையும் இழுத்தேன்.

எஞ்சின் நிற்கவில்லை. அணையப்போவதுபோலத் தணிந்து, பிறகு தானாகவே 'ஊ'வென்று ஏறியது. டீசல் இல்லாவிட்டால் என்ன, நான் ஊற்றிய ஆயிலையே உறிஞ்சிக் குடித்து ஓடுகிறது! பின்னால் நீலப் புகை. கியரில் போட்டு அமுக்கி நிறுத்தலாம். ஆனால் வண்டி ஒரு அடி பாய்ந்தால் முன்னால் குழந்தை குட்டிகளோடு சனம். அண்ணாச்சி இறங்கி, "தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க" என்று கத்துகிறார். எஞ்சின் வெடித்துவிடும் என்றே நினைத்தேன். பானட்டைத் தூக்கி ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டேன். திறந்து கிடக்கும் குழாயை எதை வைத்து அடைப்பது?

பால்கோவா கிண்டிக்கொண்டிருந்த மாஸ்டர், இடுப்பில் துண்டோடு கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "எது வழியா மூச்சு இழுக்குது?" என்று மட்டும் கேட்டார். குழாயின் வாயைக் காட்டினேன். கடைக்குள் போய், கனத்த இரும்பு மூடியில் ஈரச் சாக்கைச் சுற்றி எடுத்துவந்து, அந்த வாயில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினார். எஞ்சின் இரண்டு முறை இருமியது, வண்டியே ஒரு குலுக்கு குலுங்கியது, நின்றது. தெருவே 'அப்பாடா' என்றது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எஞ்சினைப் பற்றி இவ்வளவு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"எஞ்சினைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? காத்தை அடைச்சா அடுப்பு அணையும், அம்புட்டுத்தான் தெரியும்."

புஸ்

சேத்தூர்க்காரர் ஒருவர், சர்ச்சுகளுக்கு ஆர்மோனியம் பழுது பார்ப்பவர். அவருடைய அண்ணன் டீசல் கார் வாங்கி, சர்வீசுக்குக் கொண்டுவந்தார். இவர் துணைக்கு வந்தவர். வேலை முடிந்து, வண்டியை அணைத்துச் சாவியைக் கொடுக்கும் நேரம்.

"மெக்கானிக்கு, பிரேக்கை மிதிச்சபடியே செத்த நேரம் இருங்க" என்றார் தம்பி. இருந்தேன். "கேக்குதா? புஸ்ஸுன்னு வருது." எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. டீசல் வண்டின்னா அணைச்ச பிறகு நாலு சத்தம் இருக்கத்தான் செய்யும் என்றேன். அண்ணனும் "ஏலே, நேரமாச்சு, வா" என்று அதட்டினார். அவர் நகரவில்லை. குனிந்து பெடலுக்குப் பக்கத்தில் தலையை விட்டுக்கொண்டு, "இல்ல, இது ஒழுகுற காத்து" என்றார்.

வேண்டாவெறுப்பாகத்தான் கழற்றினேன். பிரேக்கை மிதிக்கும்போது காலுக்கு உதவி செய்கிற பூஸ்டருக்குள்ளே ரப்பர் தகடு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் கிழிந்தால் பிரேக் கல்லாகிவிடும். எவ்வளவு மிதித்தாலும் வண்டி சட்டென்று பிடிக்காது. மறுநாள் அந்த வண்டியில்தான் குடும்பத்தோடு கொடைக்கானல் மலை ஏறி இறங்குவதாக இருந்தார்கள். அண்ணன் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவருக்கோ கூச்சம்.

"ஆர்மோனியத்துல துருத்தி கிழிஞ்சா பாட்டு நின்னுபோகும், இங்க துருத்தி கிழிஞ்சா வண்டி நிக்காதுல்லா, அதான் கேட்டேன்."

ஆக, ஓடுகிற எஞ்சினைப் பற்றி நான் குருவிடம் காத்துக்கிடந்து கற்றேன். நின்ற எஞ்சினைப் பற்றி ஊர்க்காரர்கள் கற்றுக்கொடுத்து, ரிப்பேர் கூலியையும் அவர்களே கொடுத்துவிட்டுப் போனார்கள்.