மழை பார்க்கும் டாக்டர்

சுங்கைப் பட்டாணியில் ஒரு மருத்துவமனையில் எனக்குப் பித்தப்பைக் கல்லை எடுத்தவர் அவர். ஒல்லியான உடம்பு, பாதி நரைத்த தலை, கசங்காத சட்டை. விடிந்தும் விடியாமலும் வார்டுக்கு வந்துவிடுவார். வந்ததும் நோயாளிகளைப் பார்க்கமாட்டார். நேராக ஜன்னலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பார். அதன் பிறகுதான் எங்கள் கட்டில்களுக்கு வருவார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "அங்க என்ன டாக்டர் பாக்குறீங்க?"

"மழ வருதான்னு பாக்குறேன் அண்ணே. அம்மா கோலா கெத்தில் பக்கம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டிப் பால் எடுத்தாங்க. மரம் நனைஞ்சா வேலை இல்ல, சம்பளமும் இல்ல."

"இப்பதான் நீங்க டாக்டர் ஆயிட்டீங்களே லா. மழ பேஞ்சா உங்களுக்கு என்ன?"

அவர் சிரிக்கவில்லை. "அது எனக்குத் தெரியும். இந்த வயித்துக்குத்தான் தெரியமாட்டேங்குது" என்றார். பிறகு என் வயிற்றுக் கட்டைப் பிரித்துக் காயத்தைப் பார்த்தார்.

நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். படித்து மேலே போய்விட்டால் பழையதெல்லாம் தொலைந்துவிடும் என்று மகளிடம் தினமும் சொல்லிக்கொண்டிருப்பவன். அதனால் அவர் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் வீடு திரும்ப இருந்த காலையில் நல்ல மழை. அவர் ஜன்னலருகே வெகுநேரம் நின்றார். தோட்டத்தில் மழை பெய்தால் சம்பளம் போய்விடும். ஆனால் இருட்டிலேயே வேலைக்குப் போய்விடும் அம்மா, மழை நாளில் மட்டும் பிள்ளைகள் கண்விழிக்கும்போது வீட்டில் இருப்பாள். அவர் திரும்பியபோது முகத்தில் இருந்தது எந்த மழை என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.