உப்பளத்துக் கோயிலில் மழை மன்றாட்டு

போன மாதம் ஒரு ஞாயிறு. மரக்காணத்தில் எங்கள் மாதா கோயில் பூசையில் ஒரு கலாட்டா... சத்தமே இல்லாத கலாட்டா.

எங்கள் பங்குக் கோயிலில் ஒவ்வொரு வாரமும் ஒரு அன்பியம் — அதாவது பத்திருபது வீடுகள் சேர்ந்த ஜெபக்குழு — மன்றாட்டு வாசிக்க வேண்டும். ஒருவர் மைக்கில் வேண்டுவார். மற்றவர்கள் 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்போம். அன்று முறை எங்கள் தெரு டீச்சருக்கு. அவர் உட்கார்ந்து எழுதவெல்லாம் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே வாசித்தார். இந்தக் காலத்தில் யார்தான் எழுதுகிறார்கள்?

போர் நடக்கும் நாடுகளுக்காக வேண்டினார். கேட்டருளும் என்றோம். நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்களுக்காக வேண்டினார். இன்னும் சத்தமாகக் கேட்டருளும் என்றோம். அடுத்து — வறட்சியால் வாடும் ஏழை விவசாயிகளுக்கு நல்ல மழை வேண்டும் என்றார்.

கப்சிப். ஒன்றிரண்டு குரல் போக ஃபேன் ஓடும் சத்தம்தான் கேட்டது.

பின்னே? கோயிலில் பாதிப் பேர் உப்பளத்து ஆட்கள். கோடைதான் அவர்களுக்கு சீசன். பாத்தியில் உப்பு விளைந்து நிற்கும்போது ஒரு மழை அடித்தால் போதும், அத்தனையும் கரைந்துவிடும். மறுபடி தண்ணீர் பாய்ச்சி, அது காய்ந்து உப்பாகிற வரைக்கும் வேலை கிடையாது. வேலை இல்லாவிட்டால் கூலியும் கிடையாது. அவர்களைப் போய் மழை கேட்கச் சொன்னால்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூசை நேரமாச்சே என்று அடக்கிக்கொண்டேன்.

எனக்கு முன் பெஞ்சில் ஆரோக்கியமேரி. அளத்தில் உப்பு வாருகிறவர். பக்கத்தில் அவருடைய தங்கை பிலோமினா. வானூர் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர், அக்காவைப் பார்க்க வந்திருந்தார். கிணறு வற்றிப் போச்சு, போட்ட வேர்க்கடலை வாடுது என்று பூசைக்கு முன்னால்தான் என்னிடம் புலம்பியிருந்தார். மழை மன்றாட்டுக்கு அந்த பெஞ்சில் ஒரே ஒரு குரல்தான் எழுந்தது — தங்கையின் குரல். அக்கா வாயை இறுக மூடிக்கொண்டு பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்து வெளியே செருப்பு மாட்டும்போது தங்கை கேட்டே விட்டார்.

"ஏன்க்கா, எங்கயோ இருக்கறவங்களுக்குலாம் அவ்ளோ சத்தமா கேட்ட. எனக்கு ஒரு வார்த்த கேக்க மாட்டியா?"

அக்கா குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். தங்கை சாப்பிடக்கூட நிற்காமல் பஸ் ஏறிப் போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பாருங்கள்... எங்கோ நடக்கும் யுத்தத்துக்காக ஜெபிப்பதில் நமக்கு என்ன நஷ்டம்? வாய்க்கு மட்டும்தானே வேலை. அதனால்தான் அத்தனை சத்தம் வருகிறதோ என்னவோ. அந்த ஏழைகள் தூரத்தில் இருக்கும் வரைக்கும் நாம் எல்லோரும் ரொம்ப நல்லவர்கள்தான்.

அடுத்த ஞாயிறு ஆரோக்கியமேரியின் அன்பியத்துக்கு முறை. அவரே மைக்குக்குப் போனார். கையில் போனும் இல்லை, பேப்பரும் இல்லை. புடவைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

"கடவுளே, வானூர் பக்கம் மழ குடு. என் தங்கச்சி நெலம் காயுது. இங்க பெய்யாம அங்க மட்டும் பெஞ்சா நல்லாருக்கும். அப்படி முடியலன்னா... ரெண்டு எடத்துலயும் பெய்யட்டும்."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. அப்புறம் அளத்து ஆட்கள் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், கேட்டருளும் என்றது. பின்னாலேயே மற்றவர்களும். முணுமுணுப்பாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வயசாகிறது இல்லையா.

புதன்கிழமை மழை கொட்டியது. இரண்டு இடத்திலும்தான்.

ஜெபத்தால் வந்த மழை என்று சாதிக்க நான் தயாரில்லை. கோடை மழை எந்த வருஷம்தான் வரவில்லை? வானூர் பக்கம் வேர்க்கடலை பிழைத்துக்கொண்டது. இங்கே பாத்தியில் உப்பு இருந்த இடத்தில் வெறும் தண்ணீர் நின்றது. ஆரோக்கியமேரி வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

ரேஷன் கடை வரிசையில் பார்த்தபோது விசாரித்தேன். தங்கை போன் பண்ணி, என்னாலதானே உன் பொழப்பு போச்சு என்று ஒரே அழுகையாம். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"'ஏன்டி அழற? கேட்டது நான்தானே'ன்னேன் சார்."