அக்டோபர் விடுப்பு

பிப்ரவரி பிறந்துவிட்டால் ஸ்டான் வோய்ட்கோ இறைச்சியைப் பொட்டலம் கட்டுவதற்கு முன் வெள்ளைத் தாளின் ஓரத்தில் ஐந்து பெயர்களை எழுதுவார். இருபத்திரண்டு வருடமாக நடக்கிறது. ஏரிக்கரை ஊரின் அந்தக் கடையில் பன்றி விலா வாங்கும் பெண்கள், வீட்டில் பொட்டலத்தைப் பிரிக்கும்போதே இந்த வருடம் நகரத்து பேஸ்பால் அணிக்கு யார் யார் பந்து எறியப்போகிறார்கள் என்று தெரிந்துகொள்கிறார்கள். மே மாதத்துக்குள் அந்த ஐவரில் இரண்டு பேர் முழங்கையில் கட்டோடு உட்கார்ந்திருப்பார்கள்.

"இந்த வருஷம் பாருங்க, அஞ்சு பேரும் மலை. அடிக்கிறவன் அடிச்சா என்ன, அடிக்காட்டி என்ன? எறியறவன் நின்னா போதும்."

"போன வருஷத்து மலை இப்போ கார் வித்துக்கிட்டிருக்கு, ஸ்டான்," என்றாள் பெர்னிஸ் என்ற கிழவி. "நீ முதல்ல எனக்கு எலும்பை வெட்டிக் குடு."

இடது கையால் எறியும் ஒரு பையனின் முழங்கையில் எந்தத் தசைநார் எப்போது தைக்கப்பட்டது என்று ஸ்டான் தேதியோடு சொல்வார். அவருடைய மனைவி டோரீனுக்கு மூட்டு அறுவை நடந்த அன்று, எந்தக் கால் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். ஸ்டான் டோரீனைத் திரும்பிப் பார்த்தார்.

டோரீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். நாற்பது பிள்ளைகளின் கூச்சலைக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே அடக்கிவிடுவாள். ஸ்டானிடம் அது பலிக்கவில்லை. கடையில் மூத்தவர்தான் விடுப்பு நாட்களை முதலில் தேர்ந்தெடுக்கலாம். ஸ்டான்தான் மூத்தவர். ஜனவரியிலேயே அக்டோபரில் மூன்று வாரத்தைப் பிடித்துவைத்துவிடுவார், ஏனென்றால் இறுதிச் சுற்றுகள் அப்போதுதான். அணி கடைசியாக அங்கே போனபோது மகள் ஷெல்லிக்குப் பால்பல்கூட விழவில்லை. ஆகவே மூன்று வாரமும் டிவி முன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு வேற்றூர் அணிகளைத் திட்டுவார். பள்ளி மூடும் கோடையில் ஸ்டானுக்கு விடுப்பு மிஞ்சாது; டோரீன் ஓர் ஊருக்கும் போனதில்லை.

இந்த ஜனவரியில் ஷெல்லி கல்யாணத் தேதியோடு வந்தாள். தீயணைப்பு வீரர்களின் மண்டபம் காலியாக இருந்தது ஒரே நாள்தான்: அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை.

"நாலு மணிக்குப்பா. நீங்கதான் என்னைக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்."

"ஜூன்ல வெச்சுக்கக் கூடாதாம்மா? அன்னிக்கு ஆட்டம் இருக்குமே."

"யாரோட ஆட்டம்?"

"நம்ம ஆட்டம்தான். இப்படி எறியறவங்களை வெச்சுக்கிட்டு நாம உள்ள போகாம இருப்போமா?"

"நாமளாம் நாம!" என்றாள் டோரீன். "நீ மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது."

ஷெல்லி சிரிக்கவில்லை. "நாலு வயசுலேர்ந்து இதையேதான் கேட்டுக்கிட்டிருக்கேன். நீங்க வரலேன்னா ஜீன் மாமாவைக் கூப்பிட்டுக்கறேன்," என்று கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்று இரவு ஸ்டான் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் தேதிக்குச் சரி என்றும் சொல்லவில்லை.

மார்ச் பயிற்சியில் முதல் முழங்கை போயிற்று. பிள்ளைகளை இறக்கிவிட்டு வரும்போது டோரீன் அதை வானொலியில் கேட்டாள். பாவம், அவன் அம்மா எப்படித் துடிப்பாளோ என்று நினைத்தாள். அடுத்த நொடியே கடவுளுக்கு நன்றியும் சொன்னாள்.

"ஒருத்தன் போயிட்டானாமே?" என்றாள் வீட்டுக்கு வந்து.

"இன்னும் நாலு பேர் இருக்காங்கல்ல."

பத்தாம் நாள் இன்னொருவனுக்குத் தோள் போயிற்று.

"மூணு பேர் போதும். அக்டோபர்ல எப்பவும் மூணு பேர்தான் எறிவாங்க. உனக்கு ஆட்டம் தெரியாது, டோரீன்."

மற்றவர்களுக்குக் கல்யாண அழைப்பு ஆகஸ்டில்தான் போகும். தகப்பனுக்கு மட்டும் ஷெல்லி இப்போதே தபாலில் அனுப்பியிருக்கிறாள், பதில் அட்டையும் சேர்த்து, அதில் தபால்தலையும் ஒட்டி. 'வருகிறேன்', 'வர இயலவில்லை' என்று அட்டையில் இரண்டு கட்டங்கள்.

நாளை மறுநாள் சீசன் தொடங்குகிறது. அட்டை சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. இரண்டு கட்டங்களும் காலி. அவற்றுக்குக் கீழே ஸ்டான் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறார், அளவுகோல் வைத்து, நேர்த்தியாக. அதன் பக்கத்தில் இன்னும் எதுவும் எழுதவில்லை.