கொத்மலையில் எடுத்த எட்டாவது படம்

பங்க் இசையை நாங்கள் ஐந்து பேரும் படத்தில்தான் பார்த்திருந்தோம். காதால் கேட்டதில்லை. நுவரெலியாவில் விடுதி ஒன்றில் வேலை பார்த்த ஒருவர், வெள்ளைக்காரர் யாரோ விட்டுப்போன ஆங்கிலச் சஞ்சிகையைத் தன் தம்பிக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அந்தத் தம்பி என் வகுப்பில் படித்தான். கிழிந்த சட்டைகள், அவற்றை இழுத்துப் பிடித்த ஊக்குகள், வெளுத்த முகங்கள், கத்துவதற்குத் திறந்த வாய்கள். அந்த வாய்களிலிருந்து என்ன சத்தம் வந்திருக்கும் என்று அவன் ஒரு மாதம் யோசித்தான். பிறகு, "நாமளே ஒரு குழு ஆரம்பிப்போம்" என்றான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஹட்டனில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தோம். நான் திம்புள்ளைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரின் மகள். பாடசாலைப் புகைப்படக் கழகத்தின் கேமராவை வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதி இருந்த ஒரே பெண். சஞ்சிகை வைத்திருந்தவன்தான் பாடகன். பஜாரில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் வீட்டுப் பையன் பிஸ்கட் டின்களைத் தட்டுவான். மற்ற இருவரும் தேவாலயப் பாடகர் குழுவின் கித்தார்களை இரவல் வாங்கி வந்தார்கள். யாருக்கும் ஒழுங்காக வாசிக்கத் தெரியாது. அதனால் முதலில் தோற்றத்தை உண்டாக்குவது என்றும், அதைப் படமெடுத்துக் கழகத்தின் கண்காட்சியில் வைப்பது என்றும் தீர்மானித்தோம். இசை பிறகு வரட்டும்.

இடத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். கொத்மலையில் அணை கட்டி முடியும் தறுவாயில் இருந்தது. தண்ணீர் ஏறப்போகும் பள்ளத்தாக்கிலிருந்து சனங்களை வெளியேற்றிவிட்டார்கள். வீடுகள் மட்டும் நின்றன. "அங்க எடுத்தா யாரும் மறக்க மாட்டாங்க" என்றேன். வீட்டில் கண்காட்சி வேலை என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். அது பொய்யுமில்லை.

காலை பத்து மணியளவில் பள்ளத்தாக்கில் இறங்கினோம். பலா மரங்களை அடியோடு வெட்டியிருந்தார்கள். கூரைத் தகரத்தையும் கதவு நிலைகளையும் சனங்கள் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வாசல்கள் வெறும் ஓட்டைகளாக நின்றன. ஒரு நாய் குரைக்கவில்லை, ஒரு சேவல் கூவவில்லை. ஆற்றுப் பக்கமிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. டின் தட்டுபவன் மெதுவாக, "இங்க பேசுறதுக்கே ஒரு மாதிரியா இருக்குடி" என்றான்.

பையன்கள் சோக்குத் தூளைத் தேங்காயெண்ணெயில் குழைத்து முகத்தில் அப்பிக்கொண்டார்கள். கண்ணைச் சுற்றி விளக்குக் கரி. பாடகன் அவனுடைய அம்மாவின் பழைய படங்கை, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் அந்தச் சாக்குத் துணியை, நடுவில் கிழித்துத் தலைவழியாகப் போட்டுக்கொண்டான். அதில் தேயிலைக் கறை அப்படியே இருந்தது. சஞ்சிகையில் இருந்தவர்களைவிட அவன் பயங்கரமாக இருந்தான்.

கூரையில்லாத ஒரு வீட்டின் முன் நிற்கவைத்தேன். "கத்து" என்பேன், கத்துவார்கள். "இன்னும்" என்பேன். சத்தம் எதிர்மலையில் பட்டுத் தாமதமாகத் திரும்பி வந்தது. பன்னிரண்டு படம்தான் சுருளில். ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு, ஓடையில் முகம் கழுவி மேலேறினோம்.

இரசாயன ஆய்வுகூடத்தின் சாமான் அறையை இருட்டாக்கி நானும் பாடகனும் படங்களைக் கழுவினோம். தட்டில் கிடந்த தாளில் முகங்கள் ஒவ்வொன்றாக வெளுத்து மேலே வந்தன. எட்டாவது படத்தில் அவன் விரல் வைத்தான்.

"இது என்னா?"

நால்வருக்கும் பின்னால், வீட்டுப் பக்கத்தில், துணி காயப்போடும் ஒரு கொடி. கொடியில் ஒரு சேலை. நனைந்த சேலை. நுனியிலிருந்து நீர் சொட்டுவதுகூடத் தெரிந்தது. முதல் ஏழு படங்களையும் எடுத்துப் பார்த்தோம். அதே வீடு, அதே கொடி. அதில் ஒன்றுமில்லை. கடைசி நான்கும் முகங்களை நெருங்கி எடுத்தவை, கொடியே விழவில்லை.

நாங்கள் கத்திக்கொண்டிருந்தபோது, இருபது அடி தள்ளி யாரோ வந்து துணி காயப்போட்டிருக்கிறார்கள். ஐந்து பேரில் ஒருவரும் பார்க்கவில்லை. தாளைத் தட்டுக்குள் திரும்பப் போட்டேன்.

அடுத்த சனிக்கிழமை நானும் அவனும் திரும்பப் போனோம். கொடி வெறுமையாக இருந்தது. வாசல் கூட்டியிருந்தது, விளக்குமாற்றுக் கோடுகள் மண்ணில் தெரிந்தன. உள்ளே அடுப்புச் சாம்பலில் கை வைத்தேன். சூடு இருந்தது. "யாருங்க இருக்கீங்க?" என்று கூப்பிட்டோம். சிங்களத்திலும் கூப்பிட்டோம்.  யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பது போலிருந்தது. அவன் என் பையை இழுத்தான். மேட்டுப் பாதை வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தோம். அங்கிருந்த மீள்குடியேற்ற அலுவலகத்தில் சொன்னபோது, கிளார்க் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அங்க ஆளே இல்ல, எல்லாரும் போயாச்சு" என்றார்.

பாடகனுக்குப் பயம் இருந்தது. ஆனாலும் எட்டாவது படத்தைத்தான் பெரிதாக்க வேண்டும் என்று நின்றான். செய்தேன். கண்காட்சிக்கு முதல்நாள் மண்டபத்தில் பலகை அடிக்க வந்த தச்சர் அதன்முன் நின்றுவிட்டார். சுத்தியலைக் கீழே வைத்தார்.

"இது எங்க வீடு, பாப்பா" என்றார். "அது எங்க அக்கா சேலை."

அவர்களுக்கு மேலே மலையில் காணி கொடுத்திருந்தார்களாம். அக்கா தினமும் விடிந்ததும் எங்கேயோ இறங்கிப் போய்ப் பொழுது சாய வருகிறாள், கேட்டால் சொல்வதில்லை என்றார். "இப்பத்தான் வெளங்குது."

மறுநாள் அவளை அழைத்து வந்தார். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான பெண். படத்தின் அருகே வர மறுத்து, வாசலிலேயே நின்றுகொண்டு பேசினாள்.

"செத்தவங்கன்னு நெனச்சேன். ஆளுங்க போயிட்டாங்கன்னு வீட்டப் புடிக்க வந்திருக்காங்கன்னு. ஓடையிலருந்து வர்றேன், வாசல்ல நின்னு கத்துறாங்க. இங்க இன்னும் ஆளிருக்குன்னு காட்டணுமே. அதுக்குத்தான் சேலையக் காயப்போட்டேன். போட்டதும் போயிட்டாங்க."

பாடகன் முன்னே வந்தான். "அது நாங்கதாங்கக்கா. சும்மா படத்துக்கு."

அவள் அவனுடைய எண்ணெய் தேய்த்துச் சீவிய தலையைப் பார்த்தாள். "நீயில்ல தம்பி" என்றாள் அமைதியாக. "நான் பாத்தேனே. அஞ்சு பேரு. ஒருத்தி கறுப்புப் பெட்டிய மூஞ்சில வச்சுக்கிட்டிருந்தா. அவ சொல்லச் சொல்லத்தான் மத்தவனுங்க கத்துனானுங்க. அவதான் மோசமானவ."

நான் பலகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். கேமரா கழுத்தில் தொங்கியது. கையால் அதை மூடிக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்தாளா என்பது தெரியாது.

பாடகன் படத்தைக் கழற்றித் தச்சரிடம் கொடுத்தான். அக்கா தொடமாட்டேன் என்றாள். அவர் அதை அவளுக்குத் தெரியாமல் தாளில் சுற்றி எடுத்துப்போனார். மற்றப் படங்களைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள், ஆசிரியர்கள் பாராட்டினார்கள், ஒருவரும் பயப்படவில்லை. அன்று பிற்பகல் குழு ஒரேயொரு பாட்டு வாசித்தது. பையன்கள் வெள்ளைச் சட்டையோடு மேடையேறினார்கள். கத்த வேண்டிய இடத்தில் பாடகன் கத்தவில்லை. வாயைத் திறந்து, மூடிக்கொண்டான். டின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. அதற்குப் பிறகு அவர்கள் சேர்ந்து வாசிக்கவேயில்லை.

அக்கா பிறகும் இறங்கிப் போனாள் என்று தச்சர் சொன்னார். தண்ணீர் ஏறத் தொடங்கிய வாரத்தில் அவரும் கூடப் போனாராம். வாசற்படி நனைந்த அன்று, அவள் வீட்டுக்குள் போய், நான்கு மூலையிலும் நின்று, "போறேன், நீங்களே இருந்துக்கங்க" என்று யாரிடமோ சொல்லிவிட்டு வெளியே வந்தாளாம்.