ஏகாதசியன்று நீச்சல்

காலை பத்தேகால் மணிக்கு, குளோரின் நெடி வீசும் நிக்டி நீச்சல் குளத்தில், அண்ணா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்குவதைப் பார்த்தேன். அவன் தலை ஒருமுறை மேலே வந்தது, பிறகு வரவில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. நிக்டிக்குப் பக்கத்தில், தேஹு ரோடு ராணுவ டிப்போ குவார்ட்டர்ஸில் இருந்தோம். விடுமுறைகளில் அப்பா எங்களை நீச்சலுக்கு அழைத்துப்போவார். "சாப்பாடு ஆனா ஒரு மணி நேரம் தண்ணில கால் வைக்கப்படாது" என்பது அவருடைய சட்டம். ஆனால் எங்கள் வீட்டில் "சாப்பாடு" என்றால் சாதம்; தோசையும் உப்புமாவும் "பலகாரம்". அன்று ஏகாதசி, சாதம் கிடையாது. அம்மா வார்க்க வார்க்க அண்ணா கோதுமை தோசையை விழுங்கிக்கொண்டிருந்தபோதே, பக்கத்து வீட்டு மராத்திக்கார மாமி, எங்கள் "காக்கூ", தங்கள் "உப்வாஸ்" விரதத்து ஜவ்வரிசிக் கிச்சடியை நெய்யும் வேர்க்கடலையுமாகப் பாத்திரம் நிறையக் கொண்டுவந்து வைத்தாள். அதையும் வழித்துத் தின்றான்.

"சாப்பாடு ஆச்சாடா?" என்று கேட்டார் அப்பா.

"இன்னிக்கி ஏதுப்பா சாப்பாடு?"

அப்பா சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினார்.

குளத்துக் காவலர் குதித்து, அண்ணாவை இழுத்துக் கரையில் கிடத்தினார். மூச்சு இருந்தது, கண் திறக்கவில்லை. "கானா காயா?", சாப்பிட்டானா என்று அவர் ஹிந்தியில் கேட்க, "நஹீ, ஏகாதசி" என்றார் அப்பா. பட்டினி மயக்கம் என்று நினைத்து, யாரோ நீட்டிய குளுக்கோஸ் தண்ணீரைக் காவலர் அவன் வாயருகே கொண்டுபோனார்.

"அப்பா, அவன் நெறைய சாப்ட்டிருக்கான்!" என்று கத்தினேன்.

"பலகாரம்தானேடி!" என்றார் அப்பா.

நான் காவலரிடமே ஓடி, வயிற்றைத் தொட்டுக் காட்டி, "கிச்சடி, கிச்சடி" என்று அலறினேன். தம்ளரை எறிந்துவிட்டு அவர் அண்ணாவை ஒருக்களித்துப் புரட்டியதும், ஜவ்வரிசியும் தண்ணீருமாகக் கொட்டியது. மல்லாந்தே கிடந்திருந்தால் அத்தனையும் மூச்சில் ஏறியிருக்கும். இருமினான், பிறகு ஓவென்று அழுதான். அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது நிக்டியிலேயே குடியிருக்கிறோம். நீச்சலுக்குப் போகும் என் மகளுக்குச் சாப்பாடு, பலகாரம் என்ற பிரிவே கிடையாது. வாயில் போவதெல்லாம் அவளுக்கு "ஃபுட்". அந்தச் சொற்கள் வீட்டைவிட்டுப் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனாலும் என்ன தின்றாய், எப்போது தின்றாய், எவ்வளவு என்று நான் துளைத்தெடுக்க, "அம்மா, ஒரு கேலா சாப்ட்டேன், பஸ், அவ்ளோதான்!" என்று சீறுகிறாள். ஒரு வாழைப்பழம்தான். அவள் கரையேறும்வரை குளத்தைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன்.

அன்று எல்லாம் அடங்கியபின், சேதி கேட்டு ஷேர் ஆட்டோவிலிருந்து வெறுங்காலோடு ஓடிவந்தாள் அம்மா. அதுவரை ஒரு ஏகாதசியைக்கூட விட்டவளில்லை. அண்ணாவின் முகத்தைத் தடவி, ஒட்டிக் கிடந்த வயிற்றைத் தடவி, அப்பாவை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "ஏகாதசியாவது ஒண்ணாவது. ஆத்துக்குப் போனதும் கொழந்தைக்கு ரசஞ்சாதம் பெசஞ்சு குடுக்கப்போறேன்."