ஏழாம் தடத்தில் செட்ரிக்

மனிதகுலத்துக்கும் பிரபஞ்சத்துக்கும் இடையே இசையால் பாலம் போட்டவர்கள் நாங்கள். பாலத்தின் இந்த முனை லண்டன் லாட்புரோக் குரோவில், மீன் வறுக்கும் கடைக்குக் கீழே ஒரு நிலவறையில் இருந்தது. எங்கள் குழுவின் பெயர் நெபுலா பேராலயம். முதல் இசைத்தட்டில் நிலவைக் கடந்தோம். இரண்டாவதில் சனிக்கோளை. மூன்றாவது கடைகளைக்கூட எட்டவில்லை.

நான்காவதில் நடந்ததைத்தான் சொல்கிறேன். சத்தியமாக நடந்தது. 1972 நவம்பர், ஒரு வியாழக்கிழமை. பட்டப்பகல். நான் எதுவும் புகைத்திருக்கவில்லை. அன்று மட்டும்.

தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, இருபத்துமூன்று நிமிடம். திங்கள் முதல் புதன் வரை பதிவு செய்திருந்தோம். எங்கள் வழக்கப்படி விளக்கை அணைத்து, கண்ணை மூடி, ஒருவரோடொருவர் பேசாமல். பேசினால் பயணம் கலைந்துவிடும் என்பது கொள்கை. ஒலிப்பதிவாளர் மொரீனுக்கும் கண்ணாடிக்கு அப்பால் இருட்டுதான் தெரியும். நான் பேஸ் கிட்டார். செட்ரிக் மூலையில் தரையில் உட்கார்ந்து ஒரு மின்பெட்டியின் குமிழைத் திருகுவான். ‘ஊ...’ என்று வரும். அதுதான் எங்கள் விண்வெளி.

வியாழனன்று ஒலிக்கலவை வேலைக்கு நானும் மொரீனும் மட்டும். மணி 2:50. இசைத்தட்டுக் கம்பெனியிலிருந்து பிரெண்டிஸ் போன் செய்தார்.

“அந்த ‘ஊ’வ எடுத்துடுங்க, ராலி. அஞ்சு மணிக்குள்ள. இல்லேன்னா தட்டு வெளிய வராது.”

“அது இல்லேன்னா நாங்க கல்யாண வீட்டு பாண்டு சார்.”

“கல்யாண வீட்லயாவது கூப்பிடுவாங்க.”

போனை வைத்தேன்.

“அது இல்லாம ஒரு தடவ கேட்டுத்தான் பாரேன்” என்றாள் மொரீன்.

3:14. நாடா சுழன்றது. நாடாவில் ஒவ்வொருவருக்கும் ஒரு தடம்; செட்ரிக்குடையது ஏழாம் தடம். மொரீன் அதன் ஒலியளவுப் பிடியை அடிவரை இறக்கினாள்.

ஊ...

“இறக்கிட்டியா?”

“இறக்கிட்டேன்பா. முள்ளப் பாரு.”

அளவு முள் படுத்துக் கிடந்தது.

வயரைப் பிடுங்கினாள்.

ஊ...

நாடாவையே நிறுத்தினாள். டிரம் நின்றது. என் பேஸ் நின்றது.

ஊ...

காலியான பதிவறையிலிருந்து வந்தது. அவன் மூலையிலிருந்து.

மொரீன் கோட்டும் கையுமாகப் படியேறி ஓடிவிட்டாள்.

நான் நகரவில்லை.

“வாசிடா செட்ரிக்! நான் உன் பக்கம்தான்!”

‘ஊ’ மெல்ல மேலேறியது...

3:37. நின்றது.

சரியாக இருபத்துமூன்று நிமிடம்.

பிரெண்டிஸுக்கு நானே போன் செய்தேன். “ஒரு நொடிகூட வெட்ட மாட்டேன். வேணும்னா எங்களத் தூக்கி எறிங்க.”

எறிந்துவிட்டார். பின்னாளில் ஒரு சின்னக் கம்பெனி தட்டை அப்படியே வெளியிட்டது. ‘ஊ’வோடு.

அன்று மாலை 6:05. செட்ரிக்கின் அக்கா ஈனிட் போன் செய்தாள். அவன் அறைக் கதவை உடைத்துத் திறந்தார்களாம். படுக்கையிலேயே... மாரடைப்பு. இறந்ததாக மருத்துவர் குறித்த நாள், ஞாயிற்றுக்கிழமை.

நாங்கள் பதிவைத் தொடங்கியது திங்கட்கிழமை.

மூன்று நாளும் அவன் வரவில்லை என்பதை எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை.